பிரபலங்களுக்கு வந்த நாட்பட்ட சோர்வு நோய்: மலையில் இருப்பவர் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும்?

நாட்பட்ட சோர்வு நோயுள்ள பிரபலங்களின் பட்டியல் ஒன்று அவ்வப்போது கைபேசிகளில் சுற்றி வரும். உலகக்கோப்பை வென்ற கால்பந்து வீராங்கனை, லட்சக்கணக்கில் விற்ற நூலின் ஆசிரியர், பெரிய பியானோ கலைஞர் என்று நீளும் அந்தப் பட்டியலின் அடியில், "அவர்களால் முடிந்தது, உங்களால் முடியாதா?" என்ற வரியும் இருக்கும். கோத்தகிரியிலோ குன்னூரிலோ எழுந்து பல் துலக்கிவிட்டு மீண்டும் படுக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு அதைவிடக் கொடுமையான ஆறுதல் வேறில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. சமவெளியில் இருப்பவர்கள் "ஊட்டியில் பத்து நாள் தங்கினால் தேறிவிடும்" என்கிறார்கள். மலையில் இருப்பவர்களோ "தினமும் மேடு ஏறி இறங்குற உடம்புக்குச் சோர்வு எங்கிருந்து வரும்?" என்று கேட்கிறார்கள். இரண்டுமே தவறு. ஏன் தவறு என்று புரிய, நோயின் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

நோய் எது, எது அல்ல

மருத்துவ உலகில் இதற்கு எம்.இ./சி.எஃப்.எஸ். என்ற இரட்டைப் பெயர் உண்டு. 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே காலத்தில் நோயுற்றார்கள். அதையொட்டி மறு ஆண்டு உருவானது மயால்ஜிக் என்செஃபலோமைலிட்டிஸ் (எம்.இ.) என்ற பெயர். 1984-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டாஹோ ஏரியோரம் இதே போன்ற நோய் பரவியது. 1988-இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் நாட்பட்ட சோர்வு நோய் (சி.எஃப்.எஸ்.) என்ற பெயரைக் கொடுத்தது. உலக சுகாதார அமைப்பு 1969 முதலே இதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. மனநோய்களின் வரிசையில் அல்ல.

இதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. 2015-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் தன் அறிக்கையில் வகுத்த அளவுகோல்கள்தான் இன்று பரவலாகப் பயன்படுகின்றன:

1. முன்பு செய்துவந்த வேலை, படிப்பு, வீட்டுக் காரியங்கள் பெருமளவு முடியாமல் போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். கூடவே, ஓய்வெடுத்தாலும் தீராத கடும் சோர்வு இருக்க வேண்டும்.
2. சிறிய உழைப்புக்குப் பிறகும் எல்லா அறிகுறிகளும் சேர்ந்து மோசமாக வேண்டும். இதை இக்கட்டுரையில் பின்சரிவு என்று அழைப்போம்.
3. எவ்வளவு நேரம் தூங்கினாலும் தூங்கி எழுந்த தெளிவு வராது.
4. இவற்றோடு, நினைவும் கவனமும் மந்தமாவது அல்லது நிமிர்ந்து நிற்கும்போது கிறுகிறுப்பு, படபடப்பு வருவது ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

பெரும்பாலும் ஒரு காய்ச்சலுக்குப் பிறகே இது தொடங்குகிறது. கோவிட் தொற்றுக்குப் பின் மாதக்கணக்கில் தேறாமல் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் இதே அளவுகோல்களுக்குள் வருகிறார்கள். நோயாளிகளில் குறைந்தது கால்வாசிப் பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் வீட்டை விட்டோ படுக்கையை விட்டோ வெளிவர முடியாமல் போகிறார்கள் என்கிறது அந்த 2015 அறிக்கை.

பின்சரிவு: எல்லாம் தொங்குவது இந்த ஒரு ஆணியில்தான்

உழைத்தால் யாருக்கும் அசதி வரும். இரவு தூங்கினால் போய்விடும். பின்சரிவு அப்படியல்ல. உழைத்த அன்று ஒன்றும் தெரியாது, சில சமயம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். 12 முதல் 48 மணி நேரம் கழித்துத் தொண்டை வலி, தசை வலி, காய்ச்சல் அடிக்கும் உணர்வு, வெளிச்சமும் சத்தமும் தாங்காத நிலை என்று கிளம்பி, நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இழுக்கும். கந்துவட்டிக் கடன் போலத்தான்: வாங்கும்போது சுலபமாகக் கிடைக்கும், திருப்பிக் கொடுக்கும்போது வாங்கியதைப் போலப் பல மடங்கு போகும்.

இது கற்பனையல்ல என்பதற்கு இரண்டு அளவீடுகள் உண்டு. முதலாவது, அடுத்தடுத்த இரண்டு நாட்கள் செய்யும் சைக்கிள் பரிசோதனை. ஆரோக்கியமானவர், பயிற்சியே இல்லாதவராக இருந்தாலும், இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவு செய்துவிடுவார். எம்.இ. நோயாளிகள் பலருக்கு, உடல் ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் எல்லை இரண்டாம் நாள் தெளிவாகக் கீழே இறங்குகிறது. இரண்டாவது, 2020-இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு. 429 நோயாளிகளைச் சாய்மேசையில் நிமிர்த்தி வைத்து மூளைக்குப் போகும் ரத்தத்தை அளந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு 7 சதவீதம் குறைந்த இடத்தில் நோயாளிகளுக்குச் சராசரியாக 26 சதவீதம் குறைந்தது. "நின்றுகொண்டு பேசினால் வார்த்தை வரவில்லை, படுத்தால் வருகிறது" என்று நோயாளி சொல்லும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2025-இல் வெளியான டீகோட்-எம்.இ. என்ற பிரிட்டிஷ் மரபணு ஆய்வு, 15,579 நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு எட்டு இடங்களில் வேறுபாடு கண்டது. சோம்பல் என்று சொல்லிவந்தவர்களுக்கு இதைவிடப் பதில் தேவையில்லை.

பட்டியலில் உள்ளவர்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள்

*மிஷெல் ஏக்கர்ஸ்.* 1991-இல் நடந்த முதல் பெண்கள் உலகக்கோப்பையில் பத்து கோல் அடித்தவர். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் இரண்டு கோல்களும் அவருடையவை. 1994-இல் நோய் உறுதியானது. 1996 ஒலிம்பிக் தங்கம், 1999 உலகக்கோப்பை இரண்டும் அதற்குப் பிறகு வந்தவை. பட்டியல் இத்தோடு நிறுத்திவிடுகிறது. 1999 ஜூலை 10-ஆம் தேதி, சீனாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 90 நிமிடம் முடியும் தறுவாயில் சொந்த அணியின் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். மோதலுக்கு முன்பே உடம்பு வற்றிப்போயிருந்தது. கூடுதல் நேர ஆட்டத்துக்கு அவர் திரும்பவில்லை. பெனால்டி உதைகள் நடந்துகொண்டிருந்தபோது, உடைமாற்றும் அறையில் அவருக்கு நரம்பு வழியாக நீர் ஏறிக்கொண்டிருந்தது. கோப்பையோடு எடுத்த படத்தில் அந்த ஊசி தெரியாது. மறு ஆண்டே, சிட்னி ஒலிம்பிக்குக்கு முன், அவர் ஓய்வு பெற்றார்.

*லாரா ஹில்லன்பிராண்ட்.* 1987-இல், 19 வயதில், கல்லூரியில் படிக்கும்போது உணவு நஞ்சேறியதுபோல் தொடங்கியது. மனப் பிரச்சினை என்று சொன்ன மருத்துவர்களைக் கடந்துதான் சரியான பெயர் கிடைத்தது. பந்தயக் குதிரை ஒன்றைப் பற்றிய அவருடைய நூல் 2001-இலும், போர்க்கைதி லூயி ஸாம்பெரினியின் வரலாறு 2010-இலும் வந்தன. இவர் வேலை செய்த விதம்தான் பட்டியலிலேயே மிகவும் பயனுள்ள பாடம். நூலகத்துக்குப் போக முடியாது. ஓடும் மைக்ரோஃபிலிம் படங்கள் தலைசுற்றலைக் கிளப்பிவிடும். அதனால் பழைய செய்தித்தாள்களையே இணைய ஏலத்தில் வாங்கி வீட்டில் வைத்துப் படித்தார். ஸாம்பெரினியைப் பல ஆண்டுகள் தொலைபேசியிலேயே பேட்டி எடுத்தார், நூலுக்காக ஒருமுறைகூட நேரில் போகவில்லை. இரண்டு நூல்களுக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள்.

*கீத் ஜாரெட்.* 1996-இல் மேடைகளை விட்டு விலக வேண்டியிருந்தது. மீண்டும் விரல் வைத்தபோது அரங்கத்துக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்த ஒலிப்பதிவு அறையில், எளிய மெட்டுகளை, முடிந்த நேரத்துக்கு மட்டும் வாசித்துப் பதிந்தார். அது 1999-இல் இசைத்தட்டாக வந்தது.

*சுசானா கிளார்க்.* 2004-இல் முதல் நாவல், மறு ஆண்டு நோய், அடுத்த நாவல் 2020-இல். அது 2021-இல் பிரிட்டனின் பெண்கள் புனைவுப் பரிசை வென்றது. இடையில் பதினாறு ஆண்டுகள்.

*ஜெனிஃபர் பிரே.* ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்தபோது 2011-இல் கடும் காய்ச்சல். நரம்பியல் மருத்துவர் ஒருவர் மனம்தான் காரணம் என்று சொல்ல, அதை நம்பிப் பார்ப்போமே என்று மருத்துவமனையிலிருந்து இரண்டு மைல் நடந்தே வீடு திரும்பினார். அந்த நடையோடு உடல் விழுந்துவிட்டது. பிறகு படுக்கையில் இருந்தபடியே ஆவணப்படம் இயக்கினார். 2017-இல் அது சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. 2019-இல் கழுத்து எலும்பு, தண்டுவட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் நோய் தணிந்ததாக அறிவித்தார். அவருக்கு இருந்த கட்டமைப்புக் கோளாறு எல்லா நோயாளிகளுக்கும் இருப்பதில்லை. அறுவைச் சிகிச்சையைத் தேடி ஓடுவதற்கு இது ஆதாரமாகாது.

*விட்னி டஃபோ.* புகைப்படக் கலைஞர். பேச முடியாது, வாயால் உண்ண முடியாது, குழாய் வழியே உணவு. தந்தை ரொனால்ட் டேவிஸ் ஸ்டான்ஃபோர்டின் மூத்த மரபணு விஞ்ஞானி. மகனுக்காகத் தன் ஆய்வையே இந்த நோயின் பக்கம் திருப்பினார். பிரபலங்களின் பட்டியல்களில் டஃபோ பெயர் அரிதாகவே இருக்கிறது. "முடிந்தது" என்று சொல்ல அவரிடம் கோப்பை இல்லை.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலையும் பலர் சேர்க்கிறார்கள். அவர் பிறந்த மே 12-தான் எம்.இ. விழிப்புணர்வு நாள். ஆனால் 1855-இல் கிரிமியாவில் அவருக்கு வந்தது புரூசெல்லோசிஸ் என்ற தொற்றாக இருக்கலாம் என்பதே வலுவான கருத்து. நோய்ப்பெயரை விட்டாலும் வாழ்ந்த முறை பொருந்துகிறது: இந்தியப் படைமுகாம்களின் சுகாதாரம் பற்றிய 1863-ஆம் ஆண்டு அறிக்கைக்கான பெரும் உழைப்பை அறைக்குள் இருந்தே, பார்வையாளர்களைக் கறாராகக் குறைத்துக்கொண்டு செய்தார்.

இந்த வாழ்க்கைகளில் பொதுவானது மன உறுதி அல்ல

மன உறுதி எல்லா நோயாளிக்கும் இருக்கிறது. எழுதியவர்களுக்கும் இசைத்தவர்களுக்கும் கூடுதலாக இருந்தவை மூன்று. எப்போது நிறுத்துவது என்று தாமே முடிவு செய்யும் உரிமை. படுத்துக்கொண்டோ வீட்டிலிருந்தோ செய்யக்கூடிய வேலை. சமையல், துவைப்பு, வெளிவேலை பார்க்க இன்னொரு ஆள். பட்டியலை அனுப்புகிறவர், பெறுகிறவருக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மூன்றுமே இல்லை. ஏக்கர்ஸிடமும் முதல் இரண்டு இல்லை, அவர் கொடுத்த விலை மேலே இருக்கிறது.

"மெதுவாக நடையைக் கூட்டு" என்ற அறிவுரை எப்படி வந்தது, எப்படிப் போனது

2011-இல் லான்செட் இதழில் பேஸ் என்ற பெரிய பிரிட்டிஷ் ஆய்வு வெளியானது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் உதவுகின்றன என்றது. தேறியதாகக் கணக்கிடும் அளவுகோல்கள் ஆய்வின் நடுவில் தளர்த்தப்பட்டதால் பல ஆண்டுகள் சர்ச்சை நடந்தது. 2021 அக்டோபரில், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. நாள்தோறும் நிர்ணயித்தபடி பயிற்சியைக் கூட்டும் முறையை இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்றது. ஆலோசனை துணைக்கு மட்டுமே, நோயைக் குணமாக்க அல்ல என்றும் சொன்னது. பழைய பாடநூலில் படித்த மருத்துவர் இன்றும் நடைப்பயிற்சி எழுதிக்கொடுக்கக்கூடும். 2021 வழிகாட்டுதலைக் காட்டிக் கேட்பதில் தவறில்லை.

மருந்து? நோயையே மாற்றும் என நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. நோய் எதிர்ப்பு அணுக்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து சிறிய ஆய்வில் நம்பிக்கை தந்தது. நார்வேயில் 151 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2019-இல் வந்தபோது, வெற்று மருந்தைவிட மேலாக இல்லை என்று தெரிந்தது. லட்சக்கணக்கில் பணம் கேட்கும் "நிரந்தரத் தீர்வு" விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

மலை இந்த உடலுக்கு என்ன செய்கிறது

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,130, குன்னூர் 1,850. உதகையில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே அளவு குறைவு. ஆரோக்கியமான சுற்றுலாப் பயணிக்குக்கூட முதல் சில நாட்கள் நாடித்துடிப்பு கூடுதலாக இருக்கும். ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் எல்லையே சுருங்கிப்போன உடலுக்கு அது கூடுதல் சுமை. காற்று மாற்றத்துக்காக மலைக்கு வரும் நோயாளிக்குப் பயணமும் உயரமும் ஒன்றாகச் சேர்ந்து, மூன்றாம் நாள் பின்சரிவு வந்தால் வியப்பில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு உயரம் பழகியிருக்கும், மேடு பழகாது: சாலையிலிருந்து ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) இறங்கும் படிகளைத் திரும்ப ஏறத்தானே வேண்டும்.

குளிர் வேறு வகையில் வேலை செய்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நின்று குளிப்பது இங்கே வழக்கம். வெந்நீர் தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கும், ரத்தம் காலில் தங்கும், தலை கிறுகிறுக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரில், வாரத்தில் இரண்டு மூன்று நாள் குளித்தால் போதும். குளித்ததும் இருபது நிமிடம் படுக்க வேண்டும்.

முதலில் விலக்க வேண்டிய வேறு காரணங்கள்

சோர்வு எல்லாம் எம்.இ. ஆகாது. குணப்படுத்தக்கூடிய காரணத்தை விட்டுவிட்டு இந்தப் பெயரை ஒட்டுவது பெரிய அநீதி. ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், பி12, வைட்டமின் டி, இ.எஸ்.ஆர்., காசநோய் ஆகியவற்றை எங்கும் பார்ப்பார்கள். மலையில் மேலும் இரண்டு.

ஒன்று, அரிவாளணு ரத்தசோகை. இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் பதிவானதே 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பழங்குடிக் குடும்பத்தைச் சேர்ந்தவருக்குச் சோர்வோடு மூட்டு, எலும்பு வலியும் இருந்தால் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு, கரிப்புகை. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். காலையில் தலைவலி, குமட்டல், அசதி, வெளியே வந்து ஒரு மணி நேரத்தில் தெளிவு, வீட்டில் எல்லோருக்கும் அதே தொல்லை என்றால் அது எம்.இ. அல்ல. உயிருக்கே ஆபத்து. அன்றே அடுப்பை வெளியேற்ற வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நிற்கும் சோதனை

இரத்த அழுத்தக் கருவியும் உடன் ஒருவரும் வேண்டும். காலையில், காப்பிக்கு முன் செய்வது நல்லது.

1. பத்து நிமிடம் படுக்கவும். நாடியையும் அழுத்தத்தையும் இரண்டு முறை குறிக்கவும்.
2. எழுந்து, குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க, முதுகின் மேல்பகுதியை மட்டும் சுவரில் சாய்த்து அசையாமல் நிற்கவும்.
3. பத்து நிமிடம், ஒவ்வொரு நிமிடமும் இரண்டையும் குறிக்கவும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே நிறுத்திப் படுக்கவும்.
4. பெரியவர்களுக்கு நாடி 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நீடித்தாலோ, மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தாலோ அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டவும். பதின்வயதினருக்கு நாடி வரம்பு 40.

பெரும்பாலும் தவறுவது மூன்றாம் படியில்: காலை மாற்றி மாற்றி வைப்பது, பேசிக்கொண்டிருப்பது. கெண்டைக்கால் தசை அசைந்தால் ரத்தம் மேலேறி, முடிவு இயல்பாகத் தெரியும். கோளாறு உறுதியானால் அழுத்தக் காலுறை, கூடுதல் நீர், உப்பு ஆகியவை உதவும். உயர் ரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ இருந்தால் மருத்துவர் சொல்லாமல் உப்பைக் கூட்டக் கூடாது.

சரிவில் சக்தியை அளந்து செலவழிப்பது

நோக்கம், பின்சரிவைக் கிளப்பாத எல்லைக்குள் இருப்பது. தினமும் காலையில் எழுவதற்கு முன் நாடியை எண்ணி ஒரு வாரச் சராசரி எடுக்கவும். அதோடு 15 சேர்த்தால் வருவது எச்சரிக்கை எல்லை: 72 என்றால் 87. இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மலைப்படிகளில் பத்துப் படிக்குள் எல்லை தாண்டிவிடும், அதற்காகக் கைவிட வேண்டாம். ஐந்து படி, ஒரு நிமிடம் உட்கார்தல் என்று பிரித்தால் துடிப்பு இறங்குவது கண்ணெதிரே தெரியும். படிகளின் ஓரத்தில் உட்கார இரண்டு இடங்களில் கல் போட்டுவைப்பது எந்த மாத்திரையையும்விட மேல்.

தோட்ட வேலையில் எது அதிகம் செலவாகிறது என்று பார்த்தால், பறிப்பதைவிட மூட்டையைச் சாலையோர எடை மேடைக்குச் சுமந்து ஏறுவதுதான். லேசான நோய்நிலையில் உள்ளவருக்குச் சுமப்பதை மட்டும் வேறொருவர் ஏற்றுக்கொண்டாலே சில மாதங்கள் தாக்குப்பிடிக்க முடியும். நாற்றங்காலில் பை நிரப்புவது, எடைக் கணக்கு எழுதுவது போன்ற உட்கார்ந்த வேலை கிடைத்தால் இன்னும் நல்லது. முழுநாள் வேலை ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதைவிட, தினமும் அரைநாள் என்பது பெரும்பாலும் பின்சரிவைக் குறைக்கும்.

நிர்வாகத்திடமோ பள்ளியிடமோ கொடுக்க மருத்துவச் சான்று வாங்கும்போது "சோர்வு" என்று மட்டும் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். நோயின் முழுப் பெயர், தொடங்கிய மாதம், நிற்கும் சோதனையின் எண்கள், தொடர்ந்து எத்தனை நிமிடம் நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், உழைப்புக்குப் பின் எத்தனை மணி நேரத்தில் சரிவு வருகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது ஆகிய ஏழும் சான்றில் இருக்க வேண்டும். கோவைக்குப் போக வேண்டியிருந்தால் ரத்தப் பரிசோதனைகளை உள்ளூரிலேயே முடித்து, முன்பகல் பதினொரு மணிக்கு மேல் நேரம் வாங்கி, மலைப்பாதையில் பின் இருக்கையில் படுத்தபடி போகலாம். திரும்பி வந்த மறுநாளையும் அதற்கடுத்த நாளையும் முன்கூட்டியே காலியாக வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாட்களுக்குச் சமைக்கப்போவது யார் என்பதையும் கிளம்பும் முன்பே பேசி வைத்துவிட வேண்டும்.